உடம்பு சில்லென்று இருக்கும்போதே 'சூடு அதிகம்' என்று அணைந்துவிடும் லேப்டொப் (லினக்ஸ் மின்ட்)

ஹட்டன்_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய அலுவலக லேப்டொப் ஒன்று வைத்திருக்கிறேன். விண்டோஸ் இழுக்காததால் லினக்ஸ் மின்ட் போட்டேன், நன்றாகவே ஓடியது.

மழைக்காலம் தொடங்கியதில் இருந்து ஒரு தொல்லை. காலையில் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் 'ஓ' என்று இரைகிறது. திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் ஏதோ ஓடி, அப்படியே அணைந்துவிடுகிறது. அந்த எழுத்தில் 'டெம்பரேச்சர்' என்ற சொல்லை மட்டும் பிடித்தேன். அடியில் கையை வைத்துப் பார்த்தால் ஐஸ் மாதிரி இருக்கிறது! இதே மெஷினில் பிற்பகல் வகுப்பில் பிள்ளைகளுக்கு வீடியோ போட்டுக் காட்டுகிறேன், ஒன்றுமே ஆவதில்லை.

டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். தூசி தட்டினார்கள், தெர்மல் பேஸ்ட் மாற்றினார்கள். மறுநாள் காலையும் அதே கதை. இப்போது மதர்போர்ட் மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் காசுக்கு இன்னொரு லேப்டொப்பே வாங்கிவிடலாம். உயர்தரப் பிள்ளைகளின் செயற்றிட்டம் எல்லாம் இதில்தான் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

நோர்வூட்_தம்பி:

டீச்சர், எனக்கும் இப்படி வந்தது. பூட் மெனுவை நடத்தும் கிரப்பின் கோப்பில், கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வரியின் கடைசியில் 'தெர்மல் புள்ளி நோகிரிட் சமன் 1' (thermal.nocrt=1) என்று சேர்த்து, அப்டேட் கிரப் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். அதற்குப் பிறகு சூடு என்று சொல்லி அணையவே அணையாது. ஐந்து நிமிட வேலை.

பண்டாரவளை_கேர்னல்:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். அந்த வரி என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு போடுவோம். ஏசிபிஐ (மெஷினின் வன்பொருளும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக வரும் தெர்மல் ஸோன்கள், அதாவது சூடு பார்க்கும் பகுதிகள், எல்லாவற்றிலும் 'எல்லை தாண்டினால் அணை' என்ற கட்டளையை அது எடுத்துவிடும். பொய் சொல்லும் சென்சரோடு சேர்த்து உண்மை சொல்லும் சென்சரின் வாயையும் கட்டிவிடுகிறோம். சோதனைக்கு அது தேவைப்படலாம், நிரந்தரமாக வேண்டாம்.

டீச்சர், முதலில் அது எப்படிச் செத்தது என்று பார்ப்போம். அணைந்து மறுபடி பூட் ஆனதும் டெர்மினலைத் திறந்து 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையை 'மைனஸ் கே', 'மைனஸ் பி மைனஸ் 1' சேர்த்து ஓட்டுங்கள். அதாவது இதற்கு முந்தைய பூட்டில் கேர்னல் எழுதிய பதிவு. கடைசி இருபது வரியை வாசித்தால் போதும்.

அங்கே மூன்றில் ஒன்று இருக்கும். 'கிரிட்டிகல் டெம்பரேச்சர் ரீச்ட்' என்று ஒரு வரி இருந்தால், கேர்னல் ஓர் எண்ணை வாசித்து, அதை நம்பித் தானே அணைத்திருக்கிறது. புதிய கேர்னல் என்றால் பக்கத்திலேயே 'ஹார்ட்வெயார் புரொடெக்‌ஷன் ஷட்டவுன்' என்றும் எழுதியிருக்கும். எந்தச் செய்தியும் இல்லாமல் பதிவு பாதியில் அறுந்து நின்றால் கேர்னலுக்கே தெரியாமல் மின்சாரம் போயிருக்கிறது: பெட்டரி, சார்ஜர், இல்லாவிட்டால் புரொசெசர் உண்மையிலேயே தாங்க முடியாத சூட்டுக்குப் போய்த் தன்னைத்தானே வெட்டிக்கொண்டது. சூட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் வழக்கமான ஷட்டவுன் வரிசை மட்டும் தெரிந்தால், பவர் பட்டனையோ பெட்டரி அளவையோ பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுத்து ஓடியதைப் பார்த்திருப்பதால் முதலாவது என்றுதான் நினைக்கிறேன். வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள், எண்ணோடு.

நுவரெலியா_பனி:

மலைக்காற்று மெல்லியது என்பதை யாரும் யோசிக்கவில்லையே? நுவரெலியா 1,868 மீட்டர். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியே தள்ளும் காற்றின் எடை குறைவு. கொழும்பில் ஒழுங்காக ஓடிய மெஷின் இங்கே சூடாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பண்டாரவளை_கேர்னல்:

காற்று மெல்லியது என்பது சரிதான், உங்கள் உயரத்தில் அடர்த்தி கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறையும். ஆனால் நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். கொழும்பைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குளிரான காற்று உள்ளே போகிறது. இழந்ததை அது ஈடுகட்டிவிடும். தவிர, ஹட்டன் உங்களைவிடப் பல நூறு மீட்டர் பள்ளம். அப்புறம், உயரம் காரணம் என்றால் பிற்பகலிலும் அணைய வேண்டுமே.

ஹட்டன்_டீச்சர்:

வரி கிடைத்தது. முந்தைய பூட்டுகளின் பதிவும் இருந்ததால் பின்னால் போய்ப் பார்த்தேன். 'தெர்மல் ஸோன் 0, கிரிட்டிகல் டெம்பரேச்சர் ரீச்ட், ஷட்டிங் டவுன்' என்று ஒவ்வொரு தடவையும் வருகிறது. எண்கள்தான் வேறு வேறு: ஒன்றில் 104, ஒன்றில் 128, இன்னொன்றில் 113. பாகை சி என்றுதான் போட்டிருக்கிறது. 128 பாகையில் பிளாஸ்டிக்கே இளகியிருக்காதா?

பண்டாரவளை_கேர்னல்:

இளகுவதற்கு முன்பே புரொசெசர் விழித்துக்கொண்டிருக்கும். லேப்டொப் புரொசெசர்களின் மேல் எல்லை பெரும்பாலும் 100 அல்லது 105 பாகை. அந்த எல்லையைத் தொட்டதுமே அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி ஏறினால் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டிக்கும். லினக்ஸைக் கேட்டுக்கொண்டு இருக்காது, பதிவு எழுதவும் நேரம் கொடுக்காது. 128 என்று ஆற அமர எழுதிவைத்து, ஒழுங்காக அணைந்திருக்கிறது என்பதே அந்த எண் புரொசெசருடையது இல்லை என்று காட்டுகிறது.

இப்போது ஸோன் 0 யார் என்று பார்ப்போம். 'சிஸ்' கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'தெர்மல்' போங்கள். ஒவ்வொரு தெர்மல் ஸோனுக்கும் ஒரு கோப்புறை இருக்கும். உள்ளே 'டைப்' என்ற கோப்பில் பெயரும் 'டெம்ப்' என்ற கோப்பில் சூடும் இருக்கும். சூட்டை ஆயிரத்தால் வகுத்து வாசியுங்கள், 31000 என்றால் 31 பாகை. 'ட்ரிப் பொயின்ட்' என்று தொடங்கும் கோப்புகளில் அணைக்கும் எல்லை எழுதியிருக்கும்.

'டைப்' கோப்பில் 'ஏசிபிஐடிஸெட்' என்று இருந்தால், அது மதர்போர்டில் இருக்கும் எம்பெடட் கொன்ட்ரோலர் என்ற சிறிய சிப் சொல்லும் எண். அது போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு குட்டி தெர்மிஸ்டரை (சூடு அறியும் பாகம்) வாசித்துச் சொல்கிறது. 'எக்ஸ்86 பிகேஜி டெம்ப்' என்பது புரொசெசர் தன் வயிற்றுக்குள் இருக்கும் சென்சரில் இருந்து நேராகச் சொல்வது. இரண்டும் வேறு வேறு சாட்சிகள். ஒருவர் பொய் சொன்னால் மற்றவரை வைத்துப் பிடிக்கலாம்.

பதுளை_பிஎஸ்டி:

நான் ஃபிரீபிஎஸ்டி ஆள், லினக்ஸ் மாதிரி அது இன்னோர் இயங்குதளம். அங்கேயும் இதே ஏசிபிஐதான், கேட்கும் முறை வேறு. 'சிஸ்சிடிஎல்' கட்டளையில் 'ஹெச்டபிள்யூ, ஏசிபிஐ, தெர்மல்' என்று கேட்டால் ஸோன்களும் அணைக்கும் எல்லையும் வந்துவிடும். 'கோர்டெம்ப்' மொடியூலை ஏற்றினால் புரொசெசரின் சொந்தச் சூடும் தெரியும். பயோஸ் எல்லையையே அபத்தமாகக் கொடுத்தால் 'இந்த மதிப்பு அபத்தமானது, விட்டுவிடுகிறேன்' என்று ஃபிரீபிஎஸ்டி செய்தி போட்டு ஒதுக்கிவிடும். வழக்கமாகப் பத்து விநாடிக்கு ஒரு முறைதான் சூட்டைக் கேட்கும், ஒரே ஒரு கெட்ட வாசிப்பை வைத்து உடனே அணைத்தும் விடாது. அதனால் ஒரு கணம் வந்து போகும் பொய் எண்ணுக்கு அது அவ்வளவாக மசியாது.

டீச்சரை மாறச் சொல்லவில்லை. பழி லினக்ஸின் மேலா வன்பொருளின் மேலா என்று பிரிக்க ஒரு லேசான வழி இருக்கிறது. நாளைக் காலையில் பூட் ஆகவிடாமல் பயோஸ் அமைப்புத் திரைக்குள் போய் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே எந்த இயங்குதளமும் இல்லை. அந்தத் திரையிலும் ஃபேன் திடீரென்று இரைந்தால் லினக்ஸ் மேல் குற்றமே இல்லை.

பண்டாரவளை_கேர்னல்:

பதுளை அண்ணன் சொன்ன சோதனை அருமை. ஃபேனை ஓட்டுவதும் அந்த எம்பெடட் கொன்ட்ரோலர்தான். எண்ணை கேர்னல் தவறாக வாங்கியிருந்தால் ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது, அமைதியாக இருக்கும். ஃபேனும் சேர்ந்து அலறுகிறது என்றால் கொன்ட்ரோலரே அந்தச் சூட்டை நம்பிவிட்டது. அணைவதற்கு முன்னால் இரைகிறது என்று டீச்சர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார்.

ஹட்டன்_டீச்சர்:

காலையில் பயோஸ் திரையில் வைத்துவிட்டு அடுப்பில் கேத்தலை வைத்தேன். தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது, சில விநாடியில் அடங்கியது, மறுபடி இரைந்தது. மெஷின் அணையவில்லை. ஸோன் 0-வின் பெயர் ஏசிபிஐடிஸெட், எல்லை 99 பாகை.

பண்டாரவளை_கேர்னல்:

அப்படியென்றால் லினக்ஸ் விடுதலை! இப்போது தம்பி சொன்ன நோகிரிட் வரியைப் பயன்படுத்துவோம், ஒரே ஒரு காலைக்கு, நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது மட்டும். கிரப் கோப்பைத் தொட வேண்டாம். பூட் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்துப் பூட் செய்யுங்கள். அடுத்த பூட்டில் அது தானாகவே போய்விடும். பிறகு இரண்டு ஸோனின் டெம்ப் கோப்பையும் விநாடிக்கு ஒரு தடவை நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதும் சின்ன 'வைல்' சுழற்சி ஒன்றை ஓட விடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு 'சிங்க்' கட்டளையையும் போடுங்கள், திடீரென்று அணைந்தாலும் எழுதியது வட்டில் இருக்கும்.

பார்க்க வேண்டியது ஏறும் வேகத்தை. புரொசெசரின் சென்சர் ஒரே விநாடியில் முப்பது பாகை தாவினால்கூட நம்பலாம், அந்தச் சிலிக்கன் துண்டு அவ்வளவு சிறியது, பாரம் ஏறியதும் சுடும். போர்டில் ஒட்டிய தெர்மிஸ்டர் அப்படித் தாவாது. சுற்றியுள்ள போர்டும் செம்பும் சூடாகித்தான் அது சூடாக வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். ஆறுவதற்கும் அப்படித்தான்.

ஹட்டன்_டீச்சர்:

இதோ, காலை 6.12-க்கு வந்த வரிகள். முதல் எண் போர்ட், இரண்டாவது புரொசெசர்.

7-ஆவது விநாடி: 29, 38
8: 29, 39
9: 74, 38
10: 109, 38
11: 128, 39
12: 128, 38
13: 61, 38
14: 30, 39

இப்படியே கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. ஏழு மணிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. போர்ட் 36, 37 என்று நேராகப் போகிறது.

பண்டாரவளை_கேர்னல்:

போர்ட் இரண்டே விநாடியில் 128-இல் இருந்து 30-க்கு ஆறியிருக்கிறது. ஐஸ் தண்ணீரில் முக்கினாலும் அப்படி ஆறாது. புரொசெசர் 38-ஐ விட்டு அசையவே இல்லை. சென்சர்தான் பொய் சொல்கிறது, இதில் சந்தேகமே வேண்டாம். ஏன் காலையில் மட்டும் என்பதை சோல்டர் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

சோல்டர்_தலவாக்கலை:

வாசித்துக்கொண்டுதான் வந்தேன். டீச்சர் எழுதிய எண்களிலேயே பதில் இருக்கிறது.

போர்டில் இருப்பது என்டிசி வகைத் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். கொன்ட்ரோலருக்குச் சூடு தெரியாது, தடை மட்டும்தான் தெரியும். தடை குறைந்தால் சூடு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். இப்போது அந்தத் தெர்மிஸ்டரின் இரண்டு காலுக்கும் நடுவில் ஈரம் படிந்தால் என்ன ஆகும்? கரண்டுக்கு இன்னொரு பாதை கிடைக்கிறது, மொத்தத் தடை குறைகிறது, கொன்ட்ரோலர் 'கொதிக்கிறது' என்று அலறுகிறது. குளிர்ந்த போர்டில்தான் ஈரம் படியும். அதனால்தான் குளிரும்போது சூடு காட்டுகிறது.

எண் ஒவ்வொரு முறையும் அலைகிறது என்பதும் முக்கியம். எப்போது பார்த்தாலும் 128 மட்டுமே வந்தால், சென்சர் முழுக்கச் செத்துவிட்டது அல்லது தொடர்பு அறுந்துவிட்டது என்று யோசிப்பேன். 74, 109, 113 என்று இடைப்பட்ட எண்கள் வருவது கசிவின் அடையாளம்.

வெறும் பனி ஈரம் மட்டும் இவ்வளவு செய்யாது, சுத்தமான தண்ணீர் அவ்வளவாகக் கரண்ட் கடத்தாது. அங்கே ஏற்கனவே ஏதோ ஓர் உப்புப் படலம் இருக்கிறது. பழைய சோல்டர் ஃப்ளக்ஸ், எப்போதோ சிந்திய தேத்தண்ணி, இந்த மாதிரி. செகண்ட் ஹேண்ட் மெஷின் என்றால் முன்பு வைத்திருந்தவர் சிந்தியதுகூட இருக்கலாம். டீச்சர், இரவில் லேப்டொப் எங்கே இருக்கும், காலையில் எங்கே வைத்து வேலை செய்கிறீர்கள்?

ஹட்டன்_டீச்சர்:

இரவில் முன் அறையில், ஜன்னலோரம். விடியற்காலையில் அங்கே உட்கார முடியாத குளிர். அடுப்படியில் ஒரு சின்ன மேசை இருக்கிறது, அங்கேதான் கொண்டுபோய் வைப்பேன்.

சோல்டர்_தலவாக்கலை:

அதுதான் விஷயம். இரவெல்லாம் குளிர்ந்த உலோகத்தைக் கேத்தல் ஆவி பறக்கும் வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுபோகிறீர்கள், உள்ளே பனித்துளி கோர்க்கிறது. ஒரு மணிநேரம் ஓடி மெஷின் வெதுவெதுப்பானதும் காய்ந்துவிடுகிறது. பிற்பகல் வகுப்பில் வராததும் அதனால்தான்.

மதர்போர்ட் மாற்ற வேண்டாம். திறந்து, முதலில் பெட்டரி இணைப்பைக் கழற்றி, போர்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். ரேம் பக்கமும் ஹீட் பைப் ஓரமும்தான் பெரும்பாலும் தெர்மிஸ்டர் இருக்கும். அரிசி மணியைவிடச் சிறியது. காலடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தெரியும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலும் மென்மையான பிரஷும் போதும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அது வேண்டாம். துடைத்து நன்றாகக் காயவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

நோர்வூட்_தம்பி:

அண்ணே, அதுவரைக்கும் டீச்சர் வேலை செய்ய வேண்டுமே. பொய் சொல்லும் ஸோனை மட்டும் தனியாக நிறுத்த முடியாதா?

பண்டாரவளை_கேர்னல்:

முடியும். அந்த ஸோனின் கோப்புறையில் 'மோட்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. ரூட்டாக அதில் 'டிசேபிள்ட்' என்று எழுதினால் கேர்னல் அந்த ஸோனைக் கவனிப்பதை விட்டுவிடும். மற்ற ஸோன்கள் காவலில் இருக்கும். ரீபூட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒவ்வொரு பூட்டிலும் செய்ய ஸ்கிரிப்ட் எழுதினால் ஸோன் 0 என்று எண்ணை நம்பி எழுதாதீர்கள், கேர்னல் மாறும்போது எண் மாறலாம். 'டைப்' கோப்பில் பெயரைப் பார்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் நல்ல சென்சரை நிறுத்திவிடுவீர்கள். புரொசெசரின் சொந்தப் பாதுகாப்பு இதற்கெல்லாம் வெளியே, அதை இது தொடாது.

பழுது பார்த்ததும் இதை எடுத்துவிடுங்கள். அந்தத் தெர்மிஸ்டர் சார்ஜிங் பகுதியையும் அடிப்பக்கத்தையும் காப்பதற்காக வைத்தது, புரொசெசருக்கு அந்தச் சூடு தெரியாது. அப்படியே பயோஸுக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று 'எஃப்டபிள்யூஅப்ட்' என்ற புதுப்பிப்புக் கருவி மூலம் பாருங்கள். சில மெஷின்களில் இதே தொல்லைக்கு மருந்து அங்கேதான் இருக்கும். உங்களுடையதில் ஈரம் என்பதால் அதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம்.

ஹட்டன்_டீச்சர்:

போன் திருத்தும் தம்பி ஒருவரிடம் சோல்டர் அண்ணன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். திறந்து பார்த்தார். ரேம் பக்கத்தில், ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி இருந்ததன் ஒரு காலைச் சுற்றிப் பச்சைப் பொருக்கு. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் எனக்கே தெரிந்தது. துடைத்துக் கொடுத்தார், வாங்கிய கூலி சொற்பம்தான். இப்போது நோகிரிட்டும் இல்லை, மோட் மாற்றமும் இல்லை. இந்த வாரம் காலையில் ஒரு தடவைகூட அணையவில்லை. பதிவில் போர்ட் 28, 29 என்று அசையாமல் நிற்கிறது. மேசையை அடுப்படியில் இருந்து எடுத்துவிட்டேன். இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மிக்க நன்றி, பிள்ளைகள் சார்பிலும்.

வட்டவளை_ஒபிஸ்:

இழையை இப்போதுதான் பார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் என் லேப்டொப்பும் அணைகிறது. டெபியன் லினக்ஸ். கணக்குக் கோப்பு பெரிதாக ஓடும்போது மட்டும் 'டக்' என்று போகிறது. பதிவில் ஒன்றுமே இல்லை. அடி நன்றாகச் சுடுகிறது. நானும் டீச்சர் மாதிரி அந்த ஸோனை நிறுத்திப் பார்க்கட்டுமா?

சோல்டர்_தலவாக்கலை:

வேண்டாம், நிறுத்தாதீர்கள். உங்களுடையது உண்மையான சூடு மாதிரித்தான் தெரிகிறது. சலிக்கும் அறையில் இருந்து வரும் தேயிலைப் பஞ்சு ஹீட்சிங்க் வாயில் பாய் மாதிரிப் படிந்துவிடும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றி, அதற்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் பாருங்கள். அதை எடுத்து, பேஸ்ட் மாற்றிவிட்டு, 'சென்சர்ஸ்' கட்டளையை ஒரு பக்கம் ஓடவிட்டு அதே கணக்குக் கோப்பைத் திறங்கள். புரொசெசர் 95-ஐத் தாண்டி ஏறினால் எழுதுங்கள். ஏறாமலே அணைந்தால் சார்ஜரை மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.